'நல்லா இருக்கு' என்று சொன்னால் போதுமா? ஆப்களைச் சோதிக்கும் அறை எப்படி இருக்க வேண்டும்? - எளிய விளக்கம்

போனில் ஏதாவது ஒரு கேள்வி வந்தால், கீழே 'ஓகே' என்று ஒரு பட்டன் இருக்கும். நாமும் யோசிக்காமல் அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இந்தச் சின்ன பட்டனுக்குப் பின்னால் ஒரு கோபக்காரரின் கதை இருக்கிறது.

1980களின் தொடக்கம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் 'லிசா' என்ற புதிய கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தது. மவுஸ், ஐகான், மெனு எல்லாமே அப்போது மக்களுக்குப் புதுசு. அதனால் பழக்கமில்லாதவர்களை அழைத்துவந்து, கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஒரு வேலையைச் செய்யலாமா, வேண்டாமா என்று கேட்கும் பெட்டியில் இரண்டு பட்டன்கள் இருந்தன. ஒன்று 'டூ இட்', அதாவது 'செய்'. இன்னொன்று 'கேன்சல்'. ஆனால் 'டூ இட்' அழுத்த வேண்டிய இடத்தில் சிலர் தடுமாறி 'கேன்சல்' அழுத்தினார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஒருநாள் சோதனைக்கு வந்த ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எரிச்சலாகிவிட்டார். சோதனையை நடத்தியவர் இடையில் நிறுத்தி, என்ன பிரச்சினை என்று விசாரித்தார். தான் ஒன்றும் முட்டாள் இல்லை என்றும், இந்தக் கம்ப்யூட்டர் ஏன் தன்னை முட்டாள் என்கிறது என்றும் அவர் கேட்டார்.

விஷயம் இதுதான். திரையில் இருந்த எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்தும், சின்ன 'எல்' எழுத்தும் பார்க்க ஒரே கோடு மாதிரிதான் இருக்கும். 'டூ இட்' என்று எழுதியிருந்ததை அவர் ஒரே வார்த்தையாக 'டோல்ட்' என்று படித்துவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு 'மடையன்' என்று அர்த்தம்!

ரொம்பப் பேச்சு வழக்காக இருக்கிறது என்று முன்பு ஒதுக்கி வைத்த 'ஓகே'வுக்கே அந்தக் குழு மாறியது. ஆப்பிளின் மேக் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இந்தச் சம்பவத்தைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மனிதருக்குக் கோபத்தை வெளியே காட்டும் அளவுக்குச் சுதந்திரம் இருந்தது என்பதைத்தான். அவர் கூச்சப்பட்டு, 'கேன்சல்' அழுத்திவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் குழப்பம் அப்படியே இருந்திருக்கும். அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பது எப்படி? சோதனை நடக்கும் இடத்தை எப்படித் தயார் செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

யூசபிலிட்டி டெஸ்டிங் என்றால் என்ன?

ஒரு ஆப், வெப்சைட், மெஷின், விண்ணப்பப் படிவம், எதுவாக இருந்தாலும் சரி. அதைப் பயன்படுத்தப்போகும் சாதாரண மனிதர்களை அழைத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் யூசபிலிட்டி டெஸ்டிங். தமிழில் 'பயன்பாட்டு எளிமைச் சோதனை' எனலாம்.

இதற்குச் சர்வதேச அளவில் ஒரு தர அளவுகோலே இருக்கிறது. 1998-ல் வெளியாகி 2018-ல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9241-11 மூன்று விஷயங்களைக் கேட்கிறது. நினைத்த வேலை சரியாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் சிரமமும் ஆனது? முடித்தவருக்குத் திருப்தி இருந்ததா?

இது கருத்துக்கணிப்பு இல்லை. "எங்க ஆப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டு ஸ்டார் வாங்குவதும் இல்லை. வாய் என்ன சொல்கிறது என்பதைவிட, விரல் எங்கே தயங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

2000 நவம்பர் 7. அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் வயதான வாக்காளர்கள் அதிகம். அவர்கள் சிரமமில்லாமல் படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

எழுத்து பெரிதானதால் வேட்பாளர் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. இடதுபக்கம் சில பெயர்கள், வலதுபக்கம் சில பெயர்கள், நடுவில் துளையிட வேண்டிய புள்ளிகள் என்று வடிவமைத்தார்கள். விரித்த சிறகு மாதிரி இருந்ததால் 'வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு' என்றே அதற்குப் பெயர் வந்தது.

இடதுபக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் நடுவில் இருந்த இரண்டாவது துளை, வலதுபக்கம் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு வாக்களிக்க மூன்றாவது துளையைக் குத்த வேண்டும்!

விளைவு? அந்த ஒரு கவுண்டியில் மட்டும் 19,000-க்கும் அதிகமான வாக்குச்சீட்டுகள், அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் செல்லாமல் போயின. புக்கானனுக்கு அங்கே 3,407 வாக்குகள் விழுந்தன. ஃபுளோரிடாவில் ஜார்ஜ் புஷ் ஜெயித்த வித்தியாசமோ வெறும் 537 வாக்குகள். அந்த மாநிலத்தின் முடிவுதான் அதிபர் யார் என்பதையே தீர்மானித்தது.

அச்சுக்குப் போவதற்கு முன், வயதான வாக்காளர்கள் சிலரை உட்காரவைத்து, "உங்களுக்குப் பிடிச்சவருக்கு ஓட்டுப் போடுங்க" என்று சொல்லிப் பார்த்திருந்தால், விரல் தடுமாறும் இடம் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு டிசைனில் இருக்கும் சின்னக் குழப்பம், ஆயிரக்கணக்கான பேர் பயன்படுத்தும்போது பெரிய பிரச்சினையாகிவிடுகிறது என்பதற்கு இந்தச் சம்பவம் உதாரணம்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

சோதனை என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது. பெரிய ஆபீஸ், ஏசி ரூம், எதிரே லேப்டாப்புடன் நாலு பேர், மூலையில் கேமரா. இதற்கு நடுவில் ஒருவரை உட்காரவைத்து "உங்க இஷ்டப்படி யூஸ் பண்ணுங்க" என்றால் எப்படி இயல்பாக இருப்பார்?

பட்டன் கிடைக்காவிட்டால் ஆப் மேல் தப்பு என்று அவர் நினைக்க மாட்டார். "எனக்குத்தான் இதெல்லாம் தெரியாது" என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வார். கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டால், "சூப்பரா இருக்குங்க" என்பார். அழைத்தவர்கள் மனம் நோகக் கூடாது இல்லையா? விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று நாம் சொல்வோமா?

இந்தியாவில் இது பெரிய தடை என்பதை வடிவமைப்பு வல்லுநர் அபலா லாஹிரி சவன் 2000களின் தொடக்கத்திலேயே கவனித்தார். குறை சொல்லத் தயங்குபவர்களிடம் இருந்து உண்மையை வரவழைக்க அவர் கையாண்ட வழிக்கு 'பாலிவுட் முறை' என்று பெயர்.

வெறுமனே "ஒரு விமான டிக்கெட் புக் பண்ணுங்க" என்று சொல்வதற்குப் பதிலாக, ஒரு சினிமாக் கதை சொல்லப்பட்டது. உங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். திடீரென்று தெரியவருகிறது, மாப்பிள்ளை ஒரு தாதா கும்பலின் ஆள். ஏற்கெனவே கல்யாணமானவர் வேறு. அவருடைய மனைவியைக் கூட்டிக்கொண்டு உடனே பெங்களூரு போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும். நேரம் இல்லை, டிக்கெட் போடுங்கள்!

அவ்வளவுதான். கதைக்குள் போனவர்களுக்குக் கூச்சம் போய்விட்டது. ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் உடனே வாய்விட்டுக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆளும் வெப்சைட்டும் மாறவில்லை. சூழ்நிலையை மாற்றியதும் பதில் மாறிவிட்டது.

எந்த இடம் சரியானது?

லட்சக்கணக்கில் செலவு செய்து தனி லேப் கட்ட வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆளரவம் இல்லாத ஒரு சின்ன அறை போதும். ஆனால் எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும்.

* அலுவலகத்தில் ஒரு சின்ன அறை: சத்தம் குறைவு, ரெக்கார்டிங் தெளிவாகக் கிடைக்கும். பெரிய கான்ஃபரன்ஸ் ஹாலைத் தவிர்ப்பது நல்லது. இருபது நாற்காலிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்தால் யாருக்கும் இன்டர்வியூவுக்கு வந்த உணர்வுதான் வரும்.

* பயன்படுத்தும் இடத்திலேயே: பஸ் டிக்கெட் ஆப் என்றால் பஸ் ஸ்டாண்ட். கடைக்காரருக்கான பில்லிங் ஆப் என்றால் கடையின் கல்லாப்பெட்டி அருகில். வெயிலில் ஸ்கிரீன் தெரிகிறதா, ஒரு கையில் பையுடன் அழுத்த முடிகிறதா என்பதெல்லாம் ஏசி அறைக்குள் தெரியாது.

* வீட்டில் இருந்தபடி, வீடியோ காலில்: வருபவருக்கு அலைச்சல் இல்லை, பழகிய இடம் என்பதால் பதற்றமும் குறைவு. ஆனால் நெட் நின்றால் வேலை நின்றுவிடும். ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது சொந்த மெசேஜ்கள் தெரியாமல் இருக்க, ஆரம்பிக்கும் முன்பே நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்யச் சொல்ல வேண்டும்.

எந்த இடமாக இருந்தாலும், வந்து சேர்வது சுலபமாக இருக்க வேண்டும். வாசலில் செக்யூரிட்டியிடம் அரைமணி நேரம் விளக்கம் சொல்லி, லிஃப்ட் தெரியாமல் அலைந்து, வியர்த்து வந்து உட்காருபவர் மனநிலை எப்படி இருக்கும்? முதல்நாளே லொகேஷனும், எந்த மாடி என்ற விவரமும் அனுப்பி, வாசலில் ஒருவர் காத்திருந்து அழைத்துவந்தால் பாதி பதற்றம் அங்கேயே குறைந்துவிடும்.

அறைக்குள் என்ன இருக்க வேண்டும்?

முதலில் நாற்காலி. சோதனையை நடத்துபவர் எதிரே உட்காரக் கூடாது. அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்தால் ஸ்கிரீனும் தெரியும், வந்தவருக்கும் யாரோ முறைப்பது போல இருக்காது.

அடுத்து வெளிச்சம். ஜன்னல் வெளிச்சமோ டியூப் லைட்டோ ஸ்கிரீனில் பட்டுக் கண் கூசக் கூடாது. ஃபேன் காற்று நேரடியாக மைக்கில் பட்டால் பேச்சு பதிவாகாது. ஏசி குளிர் வந்தவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் பாட்டில் கண்டிப்பாக வேண்டும். டீ, காபியை ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிடலாம். குடிக்கும் அந்த ஐந்து நிமிடப் பேச்சில் ஆளுக்கு ஆள் பழகிவிடுவார்கள். பாத்ரூம் எங்கே என்று அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேமரா, மைக் எல்லாம் சின்னதாக, ஓரமாக இருந்தால் போதும். மறைத்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. எது பதிவாகிறது என்று காட்டிவிட்டால், சில நிமிடங்களில் அதை அவர் மறந்துவிடுவார். மறைத்து வைத்ததைப் பாதியில் பார்த்துவிட்டால் நம்பிக்கையே போய்விடும்.

யாருடைய போனில் சோதிப்பது?

முடிந்தவரை வந்தவரின் கைக்குப் பழகிய போன் மாதிரியே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு மட்டுமே தெரிந்தவரிடம் ஐபோனைக் கொடுத்தால், அவர் ஆப்பில் திணறுகிறாரா, போனிலேயே திணறுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கீபோர்டிலும் அவருக்குப் பழகிய மொழி இருக்க வேண்டும். தமிழில் வாய்ஸ் டைப்பிங் செய்பவரை ஆங்கிலத்தில் டைப் செய்யச் சொல்வது நியாயமில்லை.

பணம் கட்டும் ஆப் என்றால் இன்னும் கவனம் தேவை. வந்தவரின் சொந்த வங்கிக் கணக்கு, யுபிஐ பின், ஓடிபி எதையும் பயன்படுத்தக் கூடாது. டம்மி கணக்கு, கற்பனைப் பெயர், சோதனைக்கான எண் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் எழ்திப் பக்கத்தில் வைத்துவிடலாம். "என் காசு போயிடுமோ" என்ற பயம் இருக்கும்வரை யாரும் இயல்பாக பட்டனை அழுத்த மாட்டார்கள்.

அறையில் எத்தனை பேர் இருக்கலாம்?

சோதனைக்கு வந்தவர், நடத்துபவர், அதிகபட்சம் குறிப்பு எடுக்க இன்னொருவர். அதற்கு மேல் வேண்டாம்.

லிசா சோதனைகளிலும் இதைத்தான் செய்தார்கள். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் மற்றவர்கள் இருந்தார்கள். உள்ளே ஒரு நடத்துநர் மட்டும். வந்தவரின் பதற்றத்தைத் தணித்து, மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அதன்பிறகு உதவி கிடையாது. மனதில் தோன்றுவதை முணுமுணுத்தபடியே வேலையைச் செய்யச் சொன்னார்கள்.

இன்று கண்ணாடிச் சுவரெல்லாம் தேவையில்லை. வீடியோ காலில் ஸ்கிரீனைப் பகிர்ந்து, பக்கத்து அறையில் டிவியில் மற்றவர்கள் பார்க்கலாம். ஆப்பை உருவாக்கியவர்கள், மேனேஜர்கள் எல்லாரும் அங்கே இருப்பது நல்லது. ரிப்போர்ட்டில் பத்துப் பக்கம் எழுதுவதைவிட, ஒரு வாடிக்கையாளர் மூன்று நிமிடம் பட்டனைத் தேடுவதைக் கண்ணால் பார்ப்பது அவர்களை மாற்றும்.

யூசபிலிட்டி பற்றிய பிரபலமான கையேடுகளை எழுதிய ஸ்டீவ் க்ரூக் ஒரு யோசனை சொல்கிறார். பார்க்க வருபவர்களுக்கு நல்ல ஸ்நாக்ஸ் வாங்கி வையுங்கள் என்பதுதான் அது. நம்ம ஊரில் சூடான போண்டாவும் டீயும் இருந்தால் கூட்டம் தானாக வரும்.

ஆனால் அந்த அறைச் சத்தம் இங்கே கேட்கக் கூடாது. தான் திணறும்போது பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டால், அதன்பிறகு அவர் வாயைத் திறக்க மாட்டார்.

முதல் ஐந்து நிமிடத்தில் என்ன பேச வேண்டும்?

நாற்காலி, லைட், போன் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். உதாரணத்துக்கு, கரண்ட் பில் கட்டும் ஒரு ஆப்பைச் சோதிக்க ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனைக் கையில் வாங்கும்போதே, "தப்பா எதையாவது அழுத்திடுவேனோ தம்பி?" என்று கேட்கிறார்.

அவரிடம் இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லை. இந்த ஆப்புக்குத்தான் பரீட்சை. நீங்க எதை அழுத்தினாலும் தப்பில்லை. உங்களுக்கு ஒரு இடம் புரியலைன்னா, நாங்க அதைச் சரியா செய்யலைன்னு அர்த்தம். இதை நான் பண்ணலை, அதனால குறை சொன்னா எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க. எப்ப வேணும்னாலும் நிறுத்திடலாம்."

'இதை நான் பண்ணலை' என்ற வரி உண்மையாக இருக்க வேண்டும். அதனால்தான் ஆப்பை உருவாக்கியவரே சோதனையை நடத்தக் கூடாது என்பார்கள். தான் பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால் யார் முகமும் கொஞ்சம் சுருங்கும். வந்தவர் அதைக் கவனித்துவிடுவார்.

எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்ல, இதைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். ஒருவருக்கு ஒரு தகவல் அதிகமாகவும், இன்னொருவருக்குக் குறைவாகவும் போய்விடக் கூடாது.

வேலையை எப்படிக் கொடுப்பது?

"கீழே இருக்கிற 'பில் பேமென்ட்' பட்டனை அழுத்தி, நம்பரைப் போட்டுப் பணம் கட்டுங்க" என்றால் அது சோதனையே இல்லை. விடையை நாமே சொல்லிவிட்டோம்.

"உங்க வீட்டுக்கு கரண்ட் பில் வந்திருக்கு. நாளைக்குக் கடைசி நாள். இந்த போன்ல கட்டணும், எப்படிக் கட்டுவீங்க?" என்று ஒரு சூழலாகச் சொல்ல வேண்டும். ஆப்பில் இருக்கும் பட்டனின் பெயர் நம் வாயில் இருந்து வரவே கூடாது.

முதல் வேலை சுலபமானதாக இருக்கட்டும். அது முடிந்ததும் ஒரு தைரியம் வரும். கஷ்டமானதை நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

திணறும்போது உதவலாமா?

நடத்துபவருக்கு இதுதான் பெரிய சோதனை. அந்த அம்மா பட்டனைத் தாண்டித் தாண்டிப் போகும்போது, "அம்மா, மேலே பாருங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிட்டால் தெரிய வேண்டிய விஷயம் தெரியாமலே போய்விடும். வீட்டில் அவர் தனியாக இருக்கும்போது யார் போய் மேலே பாருங்கள் என்று சொல்வது?

"இங்க என்ன பண்ணணும்?" என்று அவர் கேட்டால், "நான் இங்க இல்லைன்னா என்ன பண்ணுவீங்கம்மா?" என்று திருப்பிக் கேட்கலாம். மௌனமாகிவிட்டால், "இப்ப என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்கலாம். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லவைக்கும் இந்த முறையை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-லேயே விளக்கி எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. முகம் வாடி, கண் கலங்கும் அளவுக்கு விடக் கூடாது. "இந்த இடம் சிக்கலா இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு, ரொம்ப உதவியா இருந்தது" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும்.

தனியாகப் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைப்பது. 1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மானுடவியலாளர் லூசி சச்மன் இப்படித்தான் காப்பியர் மெஷினைச் சோதித்தார். இருவராக இருந்தால், "இதை அழுத்தலாமா?", "இல்லை, அது வேற" என்று இயல்பாகவே பேச்சு வந்துவிடும்.

அவர் எடுத்த வீடியோ ஒன்றில் மெஷினோடு போராடும் இருவரில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், 1975-ல் டூரிங் விருது வாங்கியவர். அவருக்கே ஒரு காப்பி எடுக்கத் தெரியவில்லை என்றால், தப்பு எங்கே இருக்கிறது?

எத்தனை பேரை அழைக்க வேண்டும்?

நூற்றுக்கணக்கில் தேவையில்லை. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரியாக ஒருவரே 31 சதவீதப் பிரச்சினைகளைக் காட்டிவிடுகிறார். இதை வைத்து நீல்சன் 2000-ல் சொன்ன கணக்கு பிரபலம். ஐந்து பேரைச் சோதித்தால் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு, மறுபடி ஐந்து பேரை அழைக்கலாம்.

ஆனால் அந்த ஐந்து பேரும் யார் என்பது முக்கியம். விவசாயிகளுக்கான ஆப்பை ஐடி கம்பெனி ஊழியர்களிடம் காட்டினால் எல்லாம் ஜோராக நடக்கும். மாணவர், வியாபாரி, முதியவர் என்று வெவ்வேறு தரப்பினர் பயன்படுத்தும் ஆப் என்றால் ஒவ்வொரு தரப்பிலும் சிலரை அழைக்க வேண்டும்.

ஒருவருக்கு முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் போதும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் அரைமணி நேர இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் முன்னவர் முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து காத்திருப்பார், அவசரம் தொற்றிக்கொள்ளும்.

முதல்நாளே அலுவலக நண்பர் ஒருவரை வைத்து ஒரு ஒத்திகை பார்ப்பது அவசியம். மைக் வேலை செய்யவில்லை, டம்மி கணக்கு லாகின் ஆகவில்லை என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வந்தால்?

கண்ணாடி எடுத்துவரச் சொல்லி முதல்நாளே நினைவூட்டலாம். வீல்சேர் வரும் அளவுக்கு வாசல் அகலமாக இருக்கிறதா, படி இல்லாமல் வர முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். பார்வைத்திறன் இல்லாதவர்கள் தங்கள் போனில் ஸ்கிரீன் ரீடரின் வேகம், குரல் எல்லாவற்றையும் தங்களுக்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள். அவர்களைச் சொந்த போனிலேயே செய்யவிடுவதுதான் சரி. துணைக்கு வருபவருக்கும் உட்கார இடம் வேண்டும்.

பணம், அனுமதி - இரண்டையும் எப்படிக் கையாள்வது?

தங்கள் நேரத்தைச் செலவழித்து வருபவர்களுக்கு ஒரு தொகையோ, கிஃப்ட் வவுச்சரோ கொடுப்பது வழக்கம். அதை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டால், "நல்லா சொன்னாத்தான் பணம்" என்ற எண்ணம் வராது. வேலையை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அந்தத் தொகை அவருக்குத்தான்.

ரெக்கார்டிங் செய்ய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அது அவருக்குப் புரியும் மொழியில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று சொல்ல வேண்டும்.

2023-ல் இந்தியாவில் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து தரப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. 18 வயதுக்குக் குறைவானவர் என்றால் பெற்றோரின் சம்மதம் தேவை.

உங்களையே அழைத்தால் என்ன செய்வது?

ஆப் சோதனைக்கு வரச் சொல்லி உங்களுக்கே அழைப்பு வரலாம். அப்போது இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

* எந்த நிறுவனம், எவ்வளவு நேரம், எங்கே?
* என் முகமும் குரலும் பதிவாகுமா? யார் பார்ப்பார்கள்?
* என் சொந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டுமா? ஆம் என்றால் மறுத்துவிடலாம்.
* பாதியில் கிளம்பினாலும் சொன்ன தொகை உண்டா?

சோதனை என்ற பெயரில் ஓடிபி, பின் நம்பர், கார்டு விவரம் கேட்டாலோ, முன்பணம் கட்டச் சொன்னாலோ, தெரியாத ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ சந்தேகப்பட வேண்டும். சோதனைக்கு வருபவரிடம் யாரும் பணம் வாங்குவதில்லை.

போனால் கூச்சமே வேண்டாம். புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதற்காகத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: ஆரம்பிக்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

* வழி, மாடி, நேரம் முதல்நாளே அனுப்பியாச்சா?
* அமைதியான அறை, கண் கூசாத வெளிச்சம், தண்ணீர் இருக்கா?
* போனில் சார்ஜ், நெட், டம்மி கணக்கு சரியா இருக்கா?
* ரெக்கார்டிங் ஒத்திகை பார்த்தாச்சா?
* நடத்துபவர் பக்கவாட்டில் உட்காருகிறாரா?
* பார்ப்பவர்கள் வேறு அறையில் இருக்கிறார்களா?
* சம்மதப் படிவம், தொகை தயாரா?
* 'பரீட்சை உங்களுக்கு இல்லை, ஆப்புக்குத்தான்' என்று சொல்லியாச்சா?

இதில் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. மெத்தை நாற்காலியும் காஸ்ட்லி கேமராவும் இருந்தும், வந்தவர் தன்னைத்தான் எடை போடுகிறார்கள் என்று நினைத்தால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கப் டீயும் மட்டுமே இருந்தாலும், "இது என்னங்க, ஒண்ணுமே புரியலை" என்று அவர் சொல்லிவிட்டால், அந்தச் சோதனை வெற்றி.

நாளைக்கு அந்த ஆப்பைத் திறக்கப்போகும் லட்சக்கணக்கானவர்களில் பலரும் அதே இடத்தில்தான் திணறப்போகிறார்கள். அவர்களுக்காக இன்று ஒருவர் வாய்திறந்து சொன்னார் என்றால், அவரைச் சொல்லவைத்தது அந்த அறைதான்.